கீழே பட்டறை, மேலே வீடு: நடுவில் காற்று ஓடிய வழி

திருப்பூரில் கீழ்த்தளத்தைப் பட்டறைக்கோ குடோனுக்கோ வாடகைக்கு விட்டுவிட்டு மேலே குடியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். எங்கள் வீடும் அப்படித்தான். 2011ல் மாமனார் கட்டியது. கீழே 1,200 சதுர அடியில் ஒரே ஹால், மேற்குப் பார்த்த ரோலிங் ஷட்டர். மேலே நாங்கள். 2023 வைகாசியில் கீழ்த்தளத்தை ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைக்கு மாதம் 18,000 ரூபாய்க்கு விட்டோம். அதற்கப்புறம் வீட்டுக்குள் வந்த ஒரு வாடையின் காரணத்தைத் தேடி எட்டு மாதம் நான் அலைந்த அலைச்சலும் கொட்டிய பணமும் இன்னொரு குடும்பத்துக்கு நேரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருப்பவர். அத்தைக்கு வயது எழுபத்து நான்கு. பையனுக்கு அப்போது ஆறு வயது, வீசிங் உண்டு. யாரைக் கேட்பது, எங்கே ஆரம்பிப்பது என்று சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஆடி பிறந்து காற்று பலமாக வீச ஆரம்பித்ததும் பையன் படுக்கும் அறையில் ஒரு வாடை. சீமெண்ணெயும் தின்னரும் கலந்த மாதிரி, கொஞ்சம் ரப்பர் கருகின மாதிரி. எனக்குத் தெரிந்தது, அத்தைக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்தால் முதல் ஐந்து நிமிடம் "ஆமா, ஏதோ வாடை வருது" என்பார், அப்புறம் "ஒண்ணுமில்லையே" என்பார். மூக்கு எந்த வாடைக்கும் சீக்கிரமே பழகிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத்தான் மனசு சரியில்லை என்று நானே நினைத்துக்கொண்டு அழுத நாட்கள் உண்டு. வாடையைப் பற்றி உங்களுக்கும் இப்படிச் சந்தேகம் வந்தால், வெளியே ஒரு மணி நேரம் இருந்துவிட்டு உள்ளே நுழையும்போது வரும் அந்த முதல் மூச்சை மட்டும் நம்புங்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வாசலிலிருந்து நேராக அந்த அறைக்கு அழைத்துப் போய்க் கேளுங்கள். உள்ளேயே இருப்பவர்களிடம் கேட்டுப் பயனில்லை.

ஏசிதான் காரணம் என்றார்கள். இரண்டு முறை சர்வீஸ் செய்தேன், 3,600 ரூபாய். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை, அறைக்குள் இருக்கும் காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். அடுத்து ஆவணியில் ஏர் ப்யூரிஃபையர், 15,500. புரட்டாசியில் வாடை குறைந்துவிட்டது. அப்பாடா, மெஷின் வேலை செய்கிறது என்று நினைத்தேன். உண்மையில் குறைந்தது காற்றின் வேகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியும் ஆடியும் முழுக்க இந்தப் பக்கம் அடிக்கும் மேல்காற்று புரட்டாசியில் அடங்கிவிடும். அதற்கும் எங்கள் ஷட்டருக்கும் தொடர்பு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? ப்யூரிஃபையரில் இருக்கும் காகித வடிகட்டி தூசியைப் பிடிக்கும், ஆவியாக வரும் வாடையைப் பிடிக்காது. அதற்குக் கரி வேண்டும். வீட்டு மெஷினில் இருக்கும் மெல்லிய கரி அடுக்கு, தினமும் இப்படி வாடை வந்தால் சீக்கிரமே நிறைந்துவிடும்.

அடுத்து செய்த இரண்டு செலவும் நிலைமையை மோசமாக்கின. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. பட்டறை வாடை வெளியே வந்து ஜன்னல் வழியாக மேலே ஏறுகிறது என்று எல்லாரும் சொன்னதால், எல்லா ஜன்னலுக்கும் ரப்பர் பீடிங் போட்டு, சட்டத்தைச் சுற்றி சிலிகான் அடித்தேன். 12,000. தீபாவளிக்கு முன் சமையலறையில் 17,500க்கு சிம்னி மாட்டினேன், உள்ளே இருக்கும் கெட்ட காற்று வெளியே போகட்டும் என்று. ஐப்பசி கடைசியில் வாடை முன்னைவிட இரண்டு மடங்கு. ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்கு உச்சம். அப்புறம் விடியற்காலை ஐந்தரைக்கு. பட்டறையோ ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடுவார்கள். "மூடின பட்டறையிலிருந்து எப்படிம்மா வாடை வரும்? உங்க வீட்டு பிளைவுட் வாடையா இருக்கும்" என்றார் ஒரு ஆசாரி. நம்பினேன். பையன் அறையில் இருந்த அலமாரியையும் அட்டாலிக் கதவுகளையும் பிரித்துப் புதிதாகச் செய்தேன். 41,000. மருத்துவச் செலவைச் சேர்க்காமல் மொத்தம் 89,600 ரூபாய் போயிருந்தது. கார்த்திகையில் ஒரே வாரத்தில் பையனை இரண்டு முறை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அந்த வாரம் கீழே இறங்கிப் போய், வேலையாட்கள் எல்லாரும் இருக்கும்போதே பட்டறைக்காரத் தம்பியைக் கத்திவிட்டேன். அவிநாசிப் பக்கத்துப் பையன், முப்பது வயதுகூட இருக்காது. தலையைக் குனிந்து நின்றான். "ஏனுங்கக்கா, நான் வேணும்னா காலி பண்ணிக்கறனுங்க, குழந்தைக்கு ஆகலைன்னா அப்புறம் என்னுங்க" என்றான். புழக்கடைப் பக்கம் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேனைப் பின்வீட்டுக்காரர்கள் சண்டை போட்டதால் ஆறு மாதமாக அட்டை வைத்து அடைத்து வைத்திருக்கிறான் என்பது அப்போதுதான் தெரியும். அவன்மேல் தப்பு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவனை அனுப்பிவிட்டு வேறு யாரை வைத்திருந்தாலும் அந்த வழி அப்படியேதான் இருந்திருக்கும்.

டாக்டர்தான் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். எப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது என்று எழுதச் சொன்னார். நான் ஒரு நிட்டிங் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறவள், எழுதுவதில் சலிப்பு இல்லை. தேதி, நேரம், வாடை பூஜ்யத்திலிருந்து மூன்று வரை, காற்று இருக்கிறதா, எந்த ஜன்னல் திறந்திருக்கிறது, எந்த ஃபேன் ஓடுகிறது என்று கட்டம் போட்டேன். பத்தொன்பது நாள் ஆனதும் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். வாடை மூன்று என்று எழுதிய இடத்தில் எல்லாம் சிம்னி ஓடியிருந்தது, இல்லையென்றால் பையன் அறையை ஒட்டிய பாத்ரூமின் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியிருந்தது. கீழே பிரிண்டிங் நடக்கும் நேரத்துக்கும் வாடைக்கும் பொருத்தமே இல்லை. இந்த நோட்டுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. வாடை, தூசி, ஈரம் எதுவாக இருந்தாலும் பணத்தை எடுப்பதற்கு முன் மூன்று வாரம் இப்படி எழுதுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு அக்கா பையன் வந்திருந்தான். கோயமுத்தூரில் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்களுக்கு ஏசி டக்ட் போடும் வேலை. நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "சித்தி, சிம்னி அத்தனை காத்தை வெளிய தள்ளுதுன்னா அத்தனை காத்தும் எங்கிருந்தோ உள்ள வந்துதானுங்க ஆகணும். ஜன்னலைப் பூரா அடைச்சுட்டீங்க. அப்ப எது வழியா வருது?" என்றான். எட்டு மாதத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. நான் வெளிக்காற்றை அடைத்துவிட்டு, உறிஞ்சுகிற ஃபேனையும் மாட்டி, கீழ்த்தளத்துக் காற்றை நானே மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் ராத்திரி ஷட்டர் மூடியதும் ஈர பிரிண்ட்டும் துடைத்த ஸ்கிரீன்களும் விடும் ஆவி முழுக்க உள்ளேயே நிற்கும். ஒன்பது மணிக்கு நான் தோசைக்கல்லைப் போட்டு சிம்னியைப் போட்டதும் அது மேலே வரும். ஆடியில் மேற்குப் பார்த்த ஷட்டரில் காற்று மோதி உள்ளே தள்ளும்போதும் அதே வழியில்தான் வந்திருக்கிறது.

வழி எது? குளிர்நாடுகளில் இதற்கென்று பிளோவர் டோர் என்று ஒரு கருவி உண்டு. முன்வாசலில் துணிக் கதவு மாதிரி மாட்டி, அதில் ஒரு பெரிய ஃபேனை வைத்து, வீட்டுக்குள் காற்றழுத்தத்தை வெளியைவிட 50 பாஸ்கல் குறைப்பார்கள். 50 பாஸ்கல் என்பது 5 மில்லிமீட்டர் தண்ணீர் மட்டத்துக்குச் சமம், மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் வீசும் காற்று சுவரில் மோதுகிற அளவு. அந்த நிலையில் பரண், பைப்கள் இறங்கும் ஷாஃப்ட், கார் நிறுத்தும் அறை என்று ஒவ்வொரு பகுதிக்கும் வீட்டுக்கும் இடையே எவ்வளவு அழுத்த வித்தியாசம் என்று அளந்தால் எந்தப் பகுதி எதனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். வீட்டையும் வெளியையும் ஒப்பிட்டால் 50, வீட்டையும் ஷாஃப்டையும் ஒப்பிட்டாலும் 50 என்றால் ஷாஃப்ட் வெளியைச் சேர்ந்தது, நடுச்சுவர் நன்றாக இருக்கிறது. பூஜ்யம் என்றால் ஷாஃப்ட் வீட்டுக்குள் ஒரு அறை மாதிரிதான். 25 என்றால் இரண்டு பக்கமும் ஓட்டை சம அளவு. விசாரித்த இடங்களில் எனக்கு அந்தக் கருவி கிடைக்கவில்லை. "சிம்னியே ஒரு ஃபேன்தானுங்க சித்தி, அம்பது வராது, இருக்கறதை வச்சுப் பாப்போம்" என்றான். ஆபரேஷன் தியேட்டரில் வெளிக்காற்று நுழையாமல் இருக்க, பக்கத்து இடத்தைவிடக் குறைந்தது 2.5 பாஸ்கல் அதிக அழுத்தம் வைத்தால் போதும் என்பார்களாம். அவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கே காற்று திசை மாறிவிடும்.

அளக்கும் கருவியை வீட்டிலேயே செய்தோம். மேஸ்திரிகள் தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடி மாதிரியான டியூப் ஐந்து மீட்டர், வாய் அகன்ற ஊறுகாய் பாட்டில் ஒன்று, ஒரு மீட்டர் நீளப் பலகை. பலகையின் ஒரு முனையைச் சரியாக 10 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்து, டியூபை அதன்மேல் நேராக ஒட்டினோம். டியூபின் கீழ்முனை பாட்டில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். பாட்டிலில் இருக்கும் தண்ணீர் மட்டம் பலகையின் பாதி உயரத்துக்கு வருகிற மாதிரி பாட்டிலை வைத்தால், டியூபில் தண்ணீர் பலகையின் நடுவில் வந்து நிற்கும். தண்ணீரில் நாலு சொட்டு துணி நீலம், அது டியூபில் ஒட்டாமல் வழுக்க ஒரே ஒரு சொட்டு பாத்திரம் விளக்கும் திரவம். டியூபின் மேல்முனையில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் மெல்லிய கறுப்பு டியூபைச் செருகி டேப் சுற்றி, அதன் மறுமுனையை எந்த இடத்தை அளக்க வேண்டுமோ அங்கே கொண்டு போவோம். ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் உயரம் என்பது 9.8 பாஸ்கல். பலகை பத்துக்கு ஒன்று சாய்ந்திருப்பதால் தண்ணீர் டியூபில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் ஏறக்குறைய ஒரு பாஸ்கல். ஸ்கேலை ஒட்டிவிட்டால் நேராகப் படிக்கலாம். முதல் ஒரு மணி நேரம் வீணாகப் போனது. பாட்டில் விளிம்பைத் தாண்டி வளையும் இடத்தில் ஒரு சின்னக் குமிழி நின்றுகொண்டு தண்ணீரை நகர விடவில்லை. டியூபை விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழியை வெளியேற்றிய பிறகுதான் அளவு சரியாக வந்தது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின் இருக்கும், பரவாயில்லை.

சோதனையைப் பட்டறை விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை, காற்று எழும்பாத விடியற்காலையில் வைத்துக்கொண்டோம். சில விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். கேஸ் அடுப்பு, கேஸ் கீசர், சாமி விளக்கு எதுவும் எரியக் கூடாது. வீட்டுக்குள் உறிஞ்சும்போது கீசரின் புகை வெளியே போகாமல் உள்ளே திரும்பிவிடும். கீழே தின்னர் ஆவி இருக்கிற வீட்டில் ஊதுபத்தி கொளுத்திப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கீழே ஜெனரேட்டர் ஓடுகிறது என்றாலோ, தானியத்துக்கும் மஞ்சளுக்கும் பூச்சி மாத்திரை வைக்கும் குடோன் என்றாலோ சோதனை, நோட்டு எதுவும் வேண்டாம், அன்றைக்கே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. பூச்சி மாத்திரையிலிருந்து வரும் பாஸ்பீன் ஆளையே கொன்றுவிடும். இது வாடையைத் துரத்துகிற வேலை, உயிரைப் பணயம் வைக்கிற வேலை இல்லை. அப்புறம், எல்லாப் பாத்ரூம் வடிகால்களிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். நாங்கள் புழங்காத விருந்தினர் பாத்ரூமில், வடிகாலுக்குள் நின்று சாக்கடைக் காற்றைத் தடுக்க வேண்டிய தண்ணீர் காய்ந்தே போயிருந்தது. சாக்கடை வாடை வர அது ஒன்றே போதும்.

எல்லா ஜன்னலும் மூடி, உள்கதவுகளைத் திறந்து வைத்து, சிம்னியையும் இரண்டு பாத்ரூம் ஃபேன்களையும் போட்டோம். கறுப்பு டியூபின் முனையை வெளியே விட்டபோது நீலத் தண்ணீர் மெதுவாக 18 மில்லிமீட்டர் இறங்கி நின்றது. வீடு வெளியைவிட 18 பாஸ்கல் குறைவு. முனையைக் கீழ்த்தள ஹாலில் விட்டபோது 17. ஷட்டர் இடுக்குகள் நிறைய இருப்பதால் பட்டறை கிட்டத்தட்ட வெளி மாதிரியே இருந்தது. இரண்டு பாத்ரூம்களுக்கும் நடுவில் பைப் இறங்கும் இரண்டுக்கு மூன்றடி ஷாஃப்ட் ஒன்று உண்டு. வாஷ் ஏரியாவில் இருக்கும் அதன் சின்னக் கதவின் இடுக்கில் முனையைச் செருகிச் சுற்றிலும் மாவுப் பதத்தில் களிமண் அப்பினோம். தண்ணீர் 6 மட்டுமே இறங்கியது. "சித்தி, இதுதானுங்க" என்றான். மேலே வானம் பார்த்துத் திறந்திருக்க வேண்டிய ஷாஃப்ட், வெளியைச் சேர்ந்ததாக இல்லாமல் எங்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கும் ஷாஃப்டுக்கும் வித்தியாசம் 6, ஷாஃப்டுக்கும் வெளிக்கும் 12. அழுத்தம் எங்கே குறைவாகப் பிரிகிறதோ அங்கேதான் ஓட்டை பெரிது. கணக்குப் போட்டால் எங்கள் பக்கத்து ஓட்டைகள் மற்ற பக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

ஷாஃப்டின் தலை ஏன் வெளியோடு சேரவில்லை? 2019ல் புறா கூடு கட்டுகிறது, சாரல் அடிக்கிறது என்று மொட்டைமாடியில் அதன் வாயை பாலிகார்பனேட் ஷீட் போட்டு சிலிகான் வைத்து நாங்களே மூடியிருந்தோம். நான் மாடிக்கு ஓடி ஷீட்டின் ஒரு ஓரத்தை நெம்பி ஒரு சாண் தூக்கிப் பிடித்தேன். கீழே இருந்து அவன், "பதினாறுங்க சித்தி, பதினாறு!" என்று கத்தினான். அந்த ஒரு சாண் திறப்பில் ஷாஃப்ட் வெளியோடு சேர்ந்துவிட்டது. ஷீட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பட்டறை வருவதற்கு முன் நாலு வருடம் அது வெறும் தூசி வழியாக இருந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம். பட்டறைக்காரர்கள் ஸ்கிரீன் கழுவும் தொட்டி ஷாஃப்டின் அடியில் உடைந்த பிளைவுட் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது, பிரிண்ட்டைச் சூட்டில் காய வைக்கும் க்யூரிங் மெஷினின் சூடு வேறு. சூடான காற்று மேலே ஏறும், தலை மூடியிருக்கிறது, அப்புறம் பக்கவாட்டில் எங்கள் வீட்டுக்குள் வராமல் எங்கே போகும்?

வீட்டுக்குள் எங்கே நுழைகிறது என்று பார்க்க அவன் என் பையனையே வேலைக்குச் சேர்த்துக்கொண்டான். கம்பெனியிலிருந்து வந்த கோன் நூலின் முனையைப் பிய்த்து, மூச்சு பட்டாலே ஆடுகிற மாதிரி ஒரு சிட்டிகைப் பஞ்சை ஈர்க்குச்சி நுனியில் கட்டிக் கொடுத்தான். ஜன்னல் ஓரங்களில் பிடித்தான், பஞ்சு அசையவில்லை. என் 12,000 ரூபாய் அங்கே நன்றாகவே வேலை செய்திருந்தது, தப்பான இடத்தில். பாத்ரூம் வாஷ்பேசின் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் பஞ்சு லேசாகச் சாய்ந்தது. பையன் கட்டிலுக்குத் தலைமாட்டில் இருக்கும் ஸ்விட்ச் பாக்ஸில் விறைத்து நின்றது. புது அட்டாலிக்குள் ஏறி, பின்பக்க பிளைவுட் இணைப்பில் வைத்தபோது பஞ்சு எங்கள் பக்கமாகப் படுத்துக்கொண்டு படபடவென்று அடித்தது. "அம்மா, காத்து பேசுதும்மா" என்றான் பையன். மறுநாள் ஆசாரியைக் கூப்பிட்டு, 41,000 ரூபாய்க்குச் செய்த அந்தப் பிளைவுட்டை ஒரு சதுரம் அறுக்கச் சொன்னேன். உள்ளே நாலங்குல பைப்பைச் சுற்றி ஒரு முழுத் தேங்காய் நுழையும் அளவுக்கு ஓட்டை. கட்டின நாளிலிருந்து பூசாமலேயே விட்டிருக்கிறார்கள். பழைய அலமாரியைப் பிரித்த நாளில் அந்த ஓட்டை எல்லார் கண்ணுக்கும் தெரியத்தான் தெரிந்திருக்கும். யாரும் அதை ஓட்டையாகப் பார்க்கவில்லை. அலமாரி, அட்டாலி, ஃபால்ஸ் சீலிங் எதைப் பிரித்தாலும் திரும்ப மூடுவதற்கு முன் சுவரையும் பைப் போகும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு ஃபோட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச் பாக்ஸ் விஷயம் நம்ம பக்கத்து வீடுகளுக்கு முக்கியம். இங்கே ஹாலோ பிளாக்கில் கட்டின வீடுகள் நிறைய. கல்லுக்குள் இருக்கும் பொந்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் சுவருக்குள்ளேயே ஒரு புகைபோக்கி ஆகிவிடும். ஷாஃப்ட் பக்கம் ஒரு கல் உடைந்திருந்தால், பாக்ஸுக்காகக் கொத்தின இடத்தில் காற்று வெளிவரும். கீழே மீட்டர் போர்டிலிருந்து மேலே வரும் ஒயர் பைப்பும் அப்படித்தான், அதுவும் ஒரு குழாய்தானே. வெளிப்பக்கம் பூசியிருக்கிறதே என்று சுவரை நம்பிவிடக் கூடாது.

சரிசெய்தது இரண்டு நாள் வேலை. மேஸ்திரிக்கும் கையாளுக்கும் 3,800, சிமெண்ட், மணல், வலைக்கு 1,100, மெயினை அணைத்துவிட்டு ஒயர் பைப் வாய்களையும் பாக்ஸ் பின்பக்கத்தையும் காயாத புட்டியால் அடைத்த எலக்ட்ரீஷியனுக்கு 900, ஷீட்டை ஓர் அடி உயர்த்திக் கம்பிக் கால் வைத்துச் சுற்றிலும் புறா நுழையாத வலை அடித்ததற்கு 2,400. பட்டறையின் எக்ஸாஸ்ட் ஃபேனை வேறு சுவருக்கு மாற்றிப் புகைக்குழாயை மாடி உயரத்துக்கு ஏற்றியதில் 7,000 ஆனது, தம்பியும் நானும் பாதிப்பாதி. என் கையிலிருந்து மொத்தம் 11,700. ஓட்டைகளை ஸ்ப்ரே ஃபோம் அடித்து மூடலாம் என்றார் ஒருவர். வேண்டாம் என்றேன். ஃபோம் தீப்பிடிக்கும். கீழே தீ என்றால் புகையும் இதே ஷாஃப்டில்தான் ஏறும். ஒரு தளத்தையும் இன்னொரு தளத்தையும் பிரிக்கிற இடத்தில் வலை வைத்துச் சிமெண்ட் கலவை பூசுவதுதான் சரி.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் ஷாஃப்டின் தலையைத் திறந்தோம். இரண்டாவது, பட்டறை ஃபேனை ஓட விட்டுக் கீழ்த்தளம் எங்கள் வீட்டைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருக்கும்படி செய்தோம். அப்படி இருந்தால் சின்ன ஓட்டை மிச்சம் இருந்தாலும் காற்று மேலிருந்து கீழே போகுமே தவிர மேலே வராது. அதற்கப்புறம்தான் ஓட்டைகளை அடைத்தோம். கடைசியாக, சிம்னி ஓடும்போது சமையலறை ஜன்னலை நாலு விரல் திறந்து வைக்க வேண்டும் என்று அத்தைக்கும் சொல்லி, சுவரில் எழுதியே ஒட்டினேன். பீடிங் போட்ட வீட்டில் சிம்னிக்குக் காற்று வர நீங்களே ஒரு நல்ல வழி கொடுக்காவிட்டால் அது கெட்ட வழியைத் தேடிக்கொள்ளும். பையன் அறை பாத்ரூம் ஃபேனை ராத்திரி முழுக்க ஓட விடும் பழக்கத்தையும் நிறுத்தினோம்.

தை கடைசி ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பலகையை எடுத்தோம். ஜன்னல் எல்லாம் மூடி, அதே ஃபேன்கள். வெளியோடு 25, ஷாஃப்டோடு 24. கீழ்த்தளத்தை ஃபேன் நிறுத்தி அளந்தபோது 24. பஞ்சு அட்டாலியில் அசையவே இல்லை. ஸ்விட்ச் பாக்ஸில் மட்டும் இன்னும் லேசாக ஆடியது, இன்னொரு முறை புட்டி வைத்தோம். வேலை முடிந்த பிறகு திரும்ப அளக்காமல் மேஸ்திரியை அனுப்பாதீர்கள். எங்களுக்கு முதல் நாள் பூச்சு முடிந்ததும் அளவு எதிர்பார்த்த மாதிரி ஏறவில்லை. வாஷ்பேசினுக்குப் பின்னால் டைல்ஸ் மூடியிருந்த இன்னொரு ஓட்டை அதனால்தான் அகப்பட்டது.

பையனின் மருந்தை நான் நிறுத்தவில்லை, டாக்டர் சொல்லாமல் நிறுத்தவும் மாட்டேன். ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது மட்டும் அதற்கப்புறம் இல்லை. பட்டறைத் தம்பியிடம் வேலையாட்கள் இருக்கும்போதே போய் மன்னிப்புக் கேட்டேன், கத்தினது அவர்கள் முன்னால்தானே. "அட, விடுங்கக்கா, போச்சாது" என்று ஒரு டீயை நீட்டினான். இப்போது ராத்திரி ஷட்டர் இறக்கிய பிறகும் இரண்டு மணி நேரம் ஃபேன் ஓடுகிற மாதிரி டைமர் போட்டிருக்கிறான்.

2024 ஆடி வந்தபோது எனக்குப் பயம்தான். பதினெட்டுக்கு முதல் நாள் பொழுதோட ஷட்டர் தடதடவென்று ஆடுகிற அளவுக்குக் காற்று. மாடியில் ஷீட் தாங்குமா என்று பார்த்துவிட்டு இறங்கி வந்தேன். பையன் கட்டில்மேல் ஏறி நின்று ஈர்க்குச்சியை ஸ்விட்ச் பாக்ஸ் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தான். பஞ்சு நேராகத் தொங்கியது. ஃபேனை நிறுத்தச் சொன்னான், நிறுத்தினேன். அப்போதும் தொங்கியது.